கார் 30 மில்லிமீட்டர் இறங்கும்போது

புதிய ஸ்விஃப்ட் கார் ஒன்றின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். டயரின் உச்சிக்கும் அதன்மேல் வளைந்திருக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல்களைச் செருகிவிடலாம். கார்ப் பிரியர்களுக்கு இந்த இடைவெளி கண்ணை உறுத்தும். சக்கரம் பெரிதாகி அந்த வளைவை நிறைக்க வேண்டும். வண்டி தரையோடு படிந்து நிற்க வேண்டும். அதற்காகவே கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய அலாய் வீலை மாட்டுகிறார்கள். கூடவே ஸ்பிரிங்கையும் மாற்றி வண்டியை இறக்குகிறார்கள். கைதேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அந்த ஒரு நாளில் காருக்குள் எத்தனை கணக்குகள் இடம் மாறுகின்றன என்று தெரிந்துகொண்டால் வியப்பு அடங்காது.

நட்டுகளிலிருந்தே தொடங்குவோம். ஸ்விஃப்ட்டின் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்திருப்பவை நான்கே நான்கு. நட்டு ஏறும் திருகுக் கம்பிகளான, 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள நான்கு ஸ்டட்களின் மேல் காரின் எடை உட்கார்ந்திருக்கிறது என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் ஸ்டட் எடையைச் சுமப்பதில்லை. அதன் வேலை இழுத்துப் பிடிப்பது. நட்டை 100 நியூட்டன்-மீட்டர் திருகுவிசையில் இறுக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை அது. அந்த விசையில் எஃகு ஸ்டட் மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. நீண்டது மறுபடி சுருங்கப் பார்க்கிறது. அந்த முயற்சிதான் சக்கரத்தை, அது மாட்டப்படும் ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. ஒரு நட்டின் அழுத்தம் மட்டும் ஏறத்தாழ 3 டன். நான்கும் சேர்ந்தால் 12 டன். முழுக் காரின் எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. இப்படி அழுந்திய இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே பிறக்கும் உராய்வுதான் உங்களையும் குடும்பத்தையும் சுமந்துகொண்டு போகிறது.

அந்த ஸ்டட் எவ்வளவு நீள்கிறது தெரியுமா? சுமார் 0.05 மில்லிமீட்டர். தலைமுடியின் தடிமன்கூட வராது. புது அலாய் வீலின் பின்புறத்தில் இருக்கும் பெயின்ட் பூச்சு, ஓடும்போது மெல்ல நசுங்கி அந்த அளவுக்கு இடம்விட்டால் போதும், நீட்சி காணாமல் போகும். 12 டன் பிடியும் கூடவே போகும். சக்கரம் மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் டார்க் ரெஞ்சால் நட்டுகளை மறுபடி சரிபார்க்கச் சொல்வது இதற்காகத்தான். நட்டின் அடிப்பாகத்தின் வடிவமும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான வெளிச்சந்தை அலாய்களின் துளை கூம்பு வடிவில் குடைந்திருக்கும். ஹோண்டா, ஃபோக்ஸ்வாகன் கார்கள் பலவற்றில் கம்பெனி நட்டும் போல்ட்டும் உருண்டை வடிவ அடிப்பாகம் கொண்டவை. உருண்டையைக் கூம்புக்குள் வைத்து முறுக்கினால் பரப்பு முழுதும் பொருந்தாமல் மெல்லிய வளையமாக மட்டுமே தொடும். வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இறுகியது போலவே இருக்கும்.

கடைக்காரர் முதலில் கேட்கும் கேள்வி “பிசிடி என்ன?” என்பது. நட்டுத் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைந்தால் அதன் விட்டம்தான் பிசிடி. ஸ்விஃப்ட்டுக்கு 4×100: நான்கு துளைகள், 100 மில்லிமீட்டர் வட்டம். பழைய ஃபியட் பாலியோவுக்கு 4×98. ஆரத்தில் வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். ஒன்றின் சக்கரத்தை மற்றதில் வைத்து அழுத்தினால் உட்கார்ந்துவிடும், நட்டும் ஏறிவிடும். ஆனால் ஒவ்வொரு ஸ்டட்டும் பக்கவாட்டில் வளைக்கப்பட்ட நிலையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது நடுத்துளை. ஸ்விஃப்ட்டின் ஹப் நடுவே துருத்தி நிற்கும் உருளை 54.1 மில்லிமீட்டர். கம்பெனிச் சக்கரத்தின் நடுத்துளை அதன்மேல் கச்சிதமாக உட்காரும். பல கார்களுக்கும் பொருந்த வேண்டுமென்று வெளிச்சந்தை அலாய்களில் அந்தத் துளையை 73.1 மில்லிமீட்டர் வரை பெரிதாக்கியிருப்பார்கள். மிச்ச இடைவெளியை ஹப் ரிங் என்ற சிறு பிளாஸ்டிக் அல்லது அலுமினிய வளையம் நிரப்புகிறது. சக்கரத்தை நட்டு இறுகும்வரை சரியான மையத்தில் நிறுத்தி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. அதை விட்டுவிட்டால் நெடுஞ்சாலையில் 80, 90 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவதற்கு வாய்ப்பு உண்டு. சில நூறு ரூபாய்ப் பொருள்தான். மாட்டியிருக்கிறார்களா என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி டயரின் பக்கவாட்டில் அச்சாகியிருக்கும் எண்களுக்கு வருவோம். 2018-ல் வந்த ஸ்விஃப்ட்டின் கீழ்ரக மாடலுக்கு 165/80 ஆர்14, மேல்ரகத்துக்கு 185/65 ஆர்15. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, டயர்ச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக ஒரே வரியில் மூன்று அளவு முறைகள்! கூட்டிப் பார்த்தால் 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், 185/65 ஆர்15 டயருடையது 621.5. ரிம் ஒரு அங்குலம் பெரிதாகியும் டயரின் வெளிவிட்டம் 2 மில்லிமீட்டர்கூட மாறவில்லை. 16 அங்குல அலாய் போட்டு 195/55 மாட்டினால் 620.9. 17 அங்குலத்துக்கு 205/45 மாட்டினால் 616.3. ரிம் வளர வளர ரப்பர் சுவர் மெலிந்துகொண்டே வந்து கணக்கை ஈடுகட்டுகிறது.

இந்த விட்டத்தை ஏன் இப்படிக் கட்டிக்காக்க வேண்டும்? உங்கள் வேகமானிக்குச் சாலை தெரியாது. சக்கரமோ கியரோ எத்தனை முறை சுற்றியது என்று எண்ணத்தான் அதற்குத் தெரியும். 621.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயர் ஒரு கிலோமீட்டரில் சுமார் 512 முறை சுற்றுகிறது. வளைவை நிறைக்கும் ஆசையில் 205/60 ஆர்16 மாட்டினால் விட்டம் 652 மில்லிமீட்டர் ஆகிறது. சுற்று குறைகிறது. மானி 80 காட்டும்போது கார் 84-ல் போய்க்கொண்டிருக்கும். கிலோமீட்டர்க் கணக்கும் அதே விகிதத்தில் குறைந்து பதிவாகும்.

அகலமான டயர் தரையை அதிகம் தொடும் என்று எல்லோரும் நம்புகிறோம். இங்கேதான் இயற்பியல் ஒரு வேடிக்கை காட்டுகிறது. ஒரு சக்கரத்தின் மேல் 250 கிலோ எடை; டயரில் 33 பி.எஸ்.ஐ. காற்று. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையைத் தொடும் பரப்பு கிடைத்துவிடும்: ஏறத்தாழ 108 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அளவு. டயர் அகலமானாலும் காற்றழுத்தம் அதேதான் என்றால் பரப்பும் ஏறக்குறைய அதேதான். மாறுவது வடிவம். ஒடுங்கிய டயரில் நீளவாக்கில் கிடந்த பரப்பு அகலமான டயரில் குறுக்குவாக்கில் திரும்புகிறது. வளைவில் திரும்பும்போது இந்தக் குறுக்குவாக்குப் பரப்பு சட்டென்று பிடிக்கும். ஸ்டியரிங் கூர்மையாகப் பேசும். அதே வடிவம் மழைநீரைப் பக்கவாட்டில் ஒதுக்கச் சிரமப்படும்.

அப்படியானால் எடையைத் தாங்குவது ரப்பரா? ரப்பரின் பங்கு மிகச் சிறியது, சுமப்பது காற்று. டயர்ச் சுவர் குட்டையாகும்போது உள்ளே அடைபடும் காற்றின் அளவும் குறைகிறது. டயரில் அளவுக்குப் பின்னால் இன்னோர் எண் இருக்கும், யாரும் கண்டுகொள்ளாத எண். 88 என்றிருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 87 என்றால் 545. 84 என்றால் 500. 17 அங்குலத்துக்கு மாறும்போது டயரின் இந்த எண் கம்பெனி டயரின் எண்ணைவிடக் குறையக்கூடாது. குட்டைச் சுவர் டயரையே உறுதியாகக் கட்டி, கூடுதல் காற்றழுத்தத்துக்குத் தயாராக்கி, 88-க்கு உயர்த்திச் செய்யும் ரகங்களும் உண்டு. டயரில் எக்ஸ்.எல். என்று போட்டிருக்கும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஆஃப்செட் என்ற சொல் கடைகளில் காதில் விழும். இது அலாய் வீலின் ரகசிய எண். சக்கரத்தை நெடுக்கே பாதியாக வெட்டும் நடுக்கோட்டிலிருந்து, அது ஹப்பில் ஒட்டும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். உதாரணத்துக்கு, 6 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள சக்கரத்தை எடுத்துவிட்டு 7 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ளதை மாட்டினால், ரிம்மின் வெளி விளிம்பு 22.7 மில்லிமீட்டர் வெளியே வரும். உள் விளிம்பு ஷாக் அப்சார்பரை நோக்கி 2.7 மில்லிமீட்டர் மட்டும் நகரும். ஃபெண்டரில் உரசுமா, உள்ளே இடிக்குமா என்பதை இந்த இரண்டு எண்களே முடிவுசெய்கின்றன. காரில் இருக்கும் இடைவெளியை அளந்து வைத்துக்கொண்டால் போதும். காகிதத்தில் கணக்குப் போட்டே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆஃப்செட்டில் இதைவிட ஆழமான ஒரு சூட்சுமம் ஒளிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன்சக்கரம் கண்ணுக்குத் தெரியாத, சாய்ந்த ஓர் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அச்சைக் கீழே நீட்டினால் தரையில் ஒரு புள்ளியில் முட்டும். அந்தப் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுவுக்கும் உள்ள தூரத்தை உரசல் ஆரம் என்று அழைக்கலாம். பல முன்சக்கர இயக்கக் கார்களில் அந்தப் புள்ளி டயரின் நடுவைத் தாண்டிச் சற்று வெளிப்பக்கமாக விழும்படி அமைத்திருக்கிறார்கள். 1972-ல் வந்த அவுடி 80 இதற்குப் பேர்போனது. காரணம் அற்புதமானது. இத்தகைய கார்களில் பிரேக் எண்ணெய்க் குழாய்கள் குறுக்கு இணையாகப் போகும்: இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் ஒரு வழி, மற்ற இரண்டும் இன்னொரு வழி. ஒரு வழி பழுதானால் முன்பக்கத்தில் ஒரு சக்கரம் மட்டுமே பிடிக்கும். கார் அந்தப் பக்கமாகச் சுழலப் பார்க்கும். புள்ளி வெளியே இருப்பதால், பிடிக்கும் சக்கரத்தை அதே பிரேக் விசை எதிர்ப்பக்கமாகத் திருப்பிவிடுகிறது. ஓட்டுநர் சுதாரிக்கும் முன்பே கார் தன்னைத்தானே நேராக்கிக்கொள்கிறது! கணினி இல்லை, சென்சார் இல்லை, வடிவக்கணிதம் மட்டும். இந்த ஏற்பாடு நிற்பது சில மில்லிமீட்டர்களில். ஆஃப்செட்டை 10, 15 மில்லிமீட்டர் குறைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளினால் அந்தப் பாதுகாப்பு அழிந்துவிடலாம். குழியிலோ தேங்கிய நீரிலோ ஒரு சக்கரம் விழும்போது ஸ்டியரிங் கையை இழுப்பது அதன் அடையாளம்.

அலாய் உலோகத்தின் கதையும் குறைந்ததில்லை. 1924-ல் லியோனில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் புகாட்டி டைப் 35 கார் வார்ப்பு அலுமினியச் சக்கரங்களோடு வந்தது. சக்கரமும் பிரேக் டிரம்மும் ஒரே வார்ப்பு. இன்று கடையில் கிடைக்கும் அலாய்களில் பெரும்பாலானவை ஏ356 என்ற கலவை அல்லது அதன் நெருங்கிய உறவு: அலுமினியம், அதில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், அரை சதவீதம்கூட வராத மக்னீசியம். சிலிக்கான் சேர்ந்தால் உருகிய உலோகம் சக்கரத்தின் மெல்லிய ஆரக்கால்களுக்குள்ளும் தடையின்றி ஓடும். சுமார் 700 டிகிரி சூட்டில் உருகிய உலோகத்தைப் பெரும்பாலும் மேலிருந்து ஊற்றுவதில்லை. ஊற்றினால் காற்றுக் குமிழிகளும் ஆக்சைடு படலங்களும் உள்ளே சிக்கும். மூடிய உலையிலிருந்து, காற்றழுத்தத்தால் கீழிருந்து மேலாக அச்சுக்குள் ஏற்றுகிறார்கள். அந்த அழுத்தம் கார் டயரில் அடிக்கும் காற்றில் பாதிகூட இல்லை. உலோகம் சலனமில்லாமல் நிறைகிறது.

வார்த்த சக்கரத்துக்கு அதற்குப்பின் ஒரு சமையல் இருக்கிறது. 540 டிகிரிக்கு அருகே மணிக்கணக்கில் சூடாக்கி, சட்டென்று நீரில் முக்கி, மறுபடி 150 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைக்கிறார்கள். முதல் சூட்டில் மக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைகின்றன. நீரில் முக்கும்போது தப்பிக்க நேரமில்லாமல் அங்கேயே உறைகின்றன. மூன்றாம் கட்டத்தின் மெல்லிய சூட்டில் இரண்டும் கூடி, நானோமீட்டர் அளவுத் துகள்களாகத் திரள்கின்றன. உலோகம் வளைவதென்றால் அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். இந்தத் துகள்கள் நடுவே நின்று வழுக்கலைத் தடுக்கின்றன. அரை சதவீதத்துக்கும் குறைவான மக்னீசியம் செய்யும் வேலை இது. இந்தச் சூட்டு முறையைச் சிக்கனம் பிடித்துச் சுருக்கிய மலிவுச் சக்கரமும், ஒழுங்காகச் செய்ததும் ஒரே பளபளப்போடு அலமாரியில் அடுத்தடுத்து நிற்கும். கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் சோதனை முத்திரைகளுக்கு மதிப்பு: ஜப்பானின் ஜே.டபிள்யூ.எல்., நம் நாட்டின் ஐ.எஸ்.ஐ. போன்றவை. உலகத் தர முறைப்படி நடக்கும் மோதல் சோதனை ஒன்றில், டயரோடு கூடிய சக்கரத்தை 13 டிகிரி சாய்த்து வைத்து, அதன் விளிம்பின் மேல் ஓர் இரும்புப் பாளத்தை விழவைக்கிறார்கள். 500 கிலோ சுமைக்கான சக்கரம் என்றால் பாளத்தின் எடை 480 கிலோ. விழும் உயரம் 230 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். நடுப்பகுதி விரிசல் விடக்கூடாது. ஒரு நிமிடத்துக்குள் காற்றும் இறங்கிவிடக்கூடாது.

இப்போது காரை ஜாக்கியில் ஏற்றி ஸ்பிரிங்கைப் பார்ப்போம். சுருள்வில் அழுந்தும்போது அதன் கம்பி வளைகிறது என்று நினைப்போம். உண்மையில் அது முறுக்குப்படுகிறது. ஈரத்துணியைப் பிழியும்போது துணி எப்படி முறுக்கேறுமோ அப்படியே கம்பியின் ஒவ்வொரு அங்குலமும் தன் நீள்அச்சைச் சுற்றி முறுக்கேறுகிறது. ஒரு நீண்ட முறுக்குக் கம்பியைச் சுருட்டி, ஒரு முழத்துக்குள் அடக்கிய தந்திரம்தான் சுருள்வில். முறுக்கை எதிர்க்கும் வலிமை கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் உயரும். 12 மில்லிமீட்டர் கம்பியை 12.6 ஆக்கினால், வெறும் 5 சதவீதம் தடித்தால், ஸ்பிரிங் 21 சதவீதத்துக்கு மேல் விறைப்பாகிவிடும்.

காரை 30 மில்லிமீட்டர் இறக்கும் ஸ்பிரிங் ஏன் விறைப்பாகவும் இருக்க வேண்டும்? ஃபெண்டருக்கும் டயருக்கும் இடையே நாம் பார்த்த அந்த வெற்றிடம் சக்கரம் ஏறி இறங்குவதற்கான பாதை. மேல்நோக்கி 80 மில்லிமீட்டர் பாதை இருந்ததாகக் கொண்டால் இறக்கியபின் மிஞ்சுவது 50. ஸ்பிரிங் விழுங்கும் ஆற்றல் அழுந்தும் தூரத்தின் இரண்டாம் அடுக்கில் கூடுவதால், கணக்கை எளிமையாக்கிப் பார்த்தால், பழைய 80-ல் விழுங்கிய அதே குழியின் அதிர்வை 50-க்குள் விழுங்க ஸ்பிரிங் 2.56 மடங்கு விறைப்பாக வேண்டும். அவ்வளவு விறைத்தால் காரில் உட்கார முடியாது. எனவே தயாரிப்பாளர்கள் சமரசம் செய்கிறார்கள்: ஸ்பிரிங்கை ஓரளவு விறைப்பாக்கி, மீதியை பம்ப் ஸ்டாப் என்ற நுரை ரப்பர்க் கட்டையிடம் விடுகிறார்கள். சில ஸ்பிரிங்குகளில் ஒரு பக்கச் சுற்றுகள் நெருக்கமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அவை முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலையிலிருந்து விலகுகின்றன. வேலை செய்யும் சுற்றுகள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கிறது. சின்ன மேடுக்கு மென்மை, பெரிய குழிக்கு விறைப்பு. இரண்டும் ஒரே கம்பியில்.

ஸ்பிரிங்கின் ஒரு சுற்றை அறுத்துவிட்டு இறக்குவது பழைய குறுக்குவழி. 6 சுற்று 5 ஆனால் விறைப்பு 20 சதவீதம் கூடும். ஆனால் அறுத்த நுனி, ஸ்பிரிங் அமரும் கிண்ணத்தில் சரியாக உட்காராது. ஜாக்கியில் தூக்கும்போதோ சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போதோ குட்டை ஸ்பிரிங் தளர்ந்து இடம்பெயரவும் கூடும். கலிபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் காரை இறக்கும் கலையை இப்படித்தான் தொடங்கினார்கள். ஸ்பிரிங்கை அறுத்தார்கள், டிக்கியில் மணல் மூட்டை ஏற்றினார்கள். 1958-ல் அந்த மாநிலம் ரிம்மின் அடிமட்டத்துக்குக் கீழே காரின் எந்தப் பகுதியும் இறங்கக்கூடாது என்று சட்டம் போட்டது. மறு ஆண்டே ரான் அகிர்ரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்பைப் பொருத்தி, வேண்டும்போது ஏற்றி வேண்டும்போது இறக்கினார்.

ஸ்பிரிங் மாறினால் ஷாக் அப்சார்பரும் கூடவே மாற வேண்டும் என்பார்கள். ஸ்பிரிங் ஆற்றலை வாங்கி அப்படியே திருப்பித் தந்துவிடும். அதை வெப்பமாக்கிக் கரைப்பது ஷாக் அப்சார்பருக்குள் நுண்துளைகள் வழியே பிதுங்கும் எண்ணெய். காரின் உடல் இயல்பாக நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை ஆடும். சக்கரமோ தன்னிச்சையாக நொடிக்குப் பத்து, பதினைந்து முறை துள்ளும். இரண்டு தாளங்களையும் ஒரே குழாய் அடக்குகிறது. இங்கே சக்கரத்தின் எடை குறுக்கே வருகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எல்லாவற்றின் எடையும் தாங்கா எடை. அதை ஸ்பிரிங் தாங்குவதில்லை, சாலைதான் நேரடியாகத் தூக்கி எறிகிறது. அலாய் என்றாலே இலேசு என்று நினைத்துவிடக்கூடாது. மலிவான 17 அங்குல வார்ப்பு அலாய், கம்பெனியின் 14 அங்குல இரும்புச் சக்கரத்தைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். வாங்கும் முன் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இறக்கிய கார் வளைவில் சாயாது என்பது பொதுநம்பிக்கை. எடை தாழ்கிறது அல்லவா? ஆனால் கார் சாய்வது சாலையைச் சுற்றியல்ல. சஸ்பென்ஷன் கைகளின் கோணங்கள் தீர்மானிக்கும் ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றி. அதை உருள்மையம் எனலாம். இன்றைய சிறு கார்களின் முன்பக்கத்தில் இருப்பது ஏர்ல் மெக்ஃபெர்சன் பெயரைத் தாங்கிய ஸ்ட்ரட் அமைப்பு. அதில் உடல் 30 மில்லிமீட்டர் இறங்கினால் கீழ்க்கையின் கோணம் மாறி, உருள்மையம் பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகக் கீழே போகிறது. எடையின் மையத்துக்கும் உருள்மையத்துக்கும் உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம். அது கூடிவிடுகிறது! ஸ்பிரிங்கை விறைப்பாக்காமல் உயரத்தை மட்டும் குறைத்தால், கார் முன்பைவிட அதிகமாகவே சாயக்கூடும். இறக்கிய காரின் நிமிர்ந்த நடை ஸ்பிரிங்கின் விறைப்பிலிருந்து வருகிறது.

எடை தாழ்வதால் கிடைக்கும் ஆதாயத்தையும் எண்ணிப் பார்க்கலாம். ஆளோடு சேர்த்து 1,000 கிலோ. எடையின் மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர். இடவலச் சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர். புவியீர்ப்பில் பாதி அளவு விசையோடு, அதாவது பயணிகள் கைப்பிடியைத் தேடும் வேகத்தில், வளைவில் திரும்பினால் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 183 கிலோ மாறும். 30 மில்லிமீட்டர் இறக்கியபின் 173 கிலோ. பத்துக் கிலோ! பந்தயக்காரருக்கு இது தங்கம். மகாபலிபுரம் போய்வருபவருக்குத் தெரியாது.

உயரம் மாறும்போது முன்சக்கரங்கள் பார்க்கும் திசையும் விலகுகிறது. ஸ்டியரிங் கம்பியும் கீழ்க்கையும் வெவ்வேறு வில்வளைவுகளில் நகர்வதால் சக்கரத்தின் முனை சற்று உள்ளேயோ வெளியேயோ திரும்பிவிடும். கால் டிகிரி விலகல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கால் டிகிரி விலகிய டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் போய்ச் சேருவதற்குள் 2 கிலோமீட்டர் தூரம் தார்ச்சாலையில் குறுக்காகத் தேய்ந்திருக்கும். ஸ்பிரிங் மாற்றிய அன்றே வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பதன் பொருள் இது.

பட்டறையில் இன்னொரு நுட்பம் உண்டு. நல்ல மெக்கானிக்கை இதை வைத்தே அடையாளம் காணலாம். சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ், இரும்புக் குழாய்களோடு ஒட்டியே வார்க்கப்பட்டது. அது சுழல்வதில்லை; முறுக்கேறித் திரும்புகிறது. கார் ஜாக்கியில் சக்கரம் தொங்க நிற்கும்போது அந்த மூட்டின் போல்ட்டை இறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதும் புஷ் முறுக்கிய நிலையிலேயே வாழ்நாள் முழுதும் இருக்கும், சீக்கிரம் கிழியும். அறிந்தவர் போல்ட்டைத் தளர்வாக விட்டு, காரைச் சக்கரங்களின் மேல் நிறுத்தி, அதன்பின் கடைசி முறுக்கைக் கொடுப்பார். சில பழைய கார்களிலும் வேன்களிலும் பின்பக்க உயரத்தை அளந்து, அதை வைத்துப் பின்பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும். அத்தகைய வண்டியை இறக்கினால், முழுச் சுமை ஏறிவிட்டதென்று வால்வு நினைத்துக்கொள்ளும். காலி வண்டியின் பின்சக்கரங்களுக்கு அதிக பிரேக் போய், அவை வழுக்கத் தொடங்கும். வால்வையும் அளந்து திருத்தியாக வேண்டும்.

இவ்வளவும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால்தான் ஜெர்மனியில் சக்கரமும் ஸ்பிரிங்கும் மாற்ற உதிரிபாகத்துக்கான சான்றும் பரிசோதனை அமைப்பின் ஒப்புதலும் கேட்கிறார்கள். அங்கே சான்று பெற்றால் இறக்கிய காரை நிம்மதியாக ஓட்டலாம். நம் நாட்டில் அப்படி ஒரு தெளிவான பாதை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆர்வத்தோடு கற்று, அளந்து, பணம் செலவழித்துச் செய்பவர்களுக்கும் ஒரு சான்று முறை இங்கே வர வேண்டும் என்றே நினைக்கிறேன். ஸ்பிரிங்கை அறுப்பவரையும் பொறியியல் அறிந்து மாற்றுபவரையும் ஒரே தட்டில் வைப்பதால் சாலை பாதுகாப்பாகிவிடாது.

கடைசியாக வேகத்தடை. ஸ்விஃப்ட்டின் வயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 163 மில்லிமீட்டர். 30 இறக்கினால் 133. நான்கு பெரியவர்கள் ஏறினால் விறைத்த ஸ்பிரிங்கிலும் இன்னும் 35, 40 இறங்கும்; மிச்சம் சுமார் 95. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு வகுத்த விதிப்படியான வேகத்தடை 100 மில்லிமீட்டர் உயரம். 95-ஐ விட 100 பெரிது, இடிக்கத்தானே வேண்டும்? இடிக்காது. அந்த விதி அகலத்தையும் சொல்கிறது: 3.7 மீட்டர். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு அது. ஸ்விஃப்ட்டின் முன்பின் சக்கரங்களுக்கு இடையே 2.45 மீட்டர்தான் என்பதால், நடுவில் வரும்போது நான்கு சக்கரங்களும் தடையின் மேலேயே நிற்கும். தடையோடு சேர்ந்து காரும் உயர்ந்திருக்கும். அப்போது சக்கரங்களை இணைக்கும் கோட்டுக்கு மேலே தடை துருத்தி நிற்பது 44 மில்லிமீட்டர் மட்டுமே. தெருமுனையில் ஓர் அடி அகலத்தில் எழுப்பிய தடையோ, அதே 100 மில்லிமீட்டர் உயரமானாலும், முன்சக்கரம் இறங்கி பின்சக்கரம் ஏறாத நேரத்தில் முழு உயரத்தோடு வயிற்றில் உரசும்.

அனுபவமுள்ளவர்கள் அத்தகைய தடையைக் கோணலாக ஏறுவார்கள். ஒரு முன்சக்கரமும் அதற்கு எதிர்மூலைப் பின்சக்கரமும் ஒரே நேரத்தில் தடையின் மேல் நிற்கும்படி திருப்பினால், காரின் நடுப்பகுதி தடையின் முழு உயரத்துக்குத் தூக்கப்பட்டுவிடும், உரசலே இருக்காது. ஸ்விஃப்ட்டின் சக்கரங்களுக்கு இடையேயுள்ள நீள அகலத்துக்கு, நேராகப் போகும் திசையிலிருந்து 58 டிகிரி திருப்பினால் அது நடக்கும். குறுகிய தெருவில் அதற்கு இடம் ஏது? எனவே வசதியுள்ளவர்கள் எஃகு ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காற்றுப் பைகளை வைக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் தொட்டியில் அடைத்து வைத்த காற்று பாய்ந்து கார் எழும்; தடையைத் தாண்டியதும் காற்றை விட்டுவிட்டால் மறுபடி தரையோடு படியும். 1955 அக்டோபரில் பாரிஸ் கார் கண்காட்சிக்கு வந்த சிட்ரோயன் டி.எஸ். இதையே வேறு விதமாகச் செய்தது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்பு உருண்டை. அதற்குள் மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, மறுபக்கம் எண்ணெய். எத்தனை பேர் ஏறினாலும் பம்ப் எண்ணெயைக் கூட்டிப் பழைய உயரத்துக்கே காரைக் கொண்டுவந்துவிடும். ஓட்டுநர் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் கரடுமுரடான பாதைக்கு ஏற்ற உயரத்துக்கு எழும். என்ஜினை அணைத்து நிறுத்திவிட்டால், சிறிது நேரத்தில் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கும்.